சாமியின் முட்டிக்கு ஒரு தலையணை

வலியில் துடிக்கிறவர் முட்டிக்கு அடியில் மெத்தென்று ஒரு தலையணை வைத்தால் அது புண்ணியமா, பாவமா? நீங்களே சொல்லுங்கள்.

கரடிக்குன்று மடத்து உமாபதி சாமிக்கு முட்டி மாற்று ஆபரேஷன் ஆகி மூன்றாவது வாரம். கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் சீடர் மாசிலாமணி. முப்பது வருடம் லாரி ஓட்டிவிட்டு மடத்துக்கு வந்தவர். சாமியைவிட இரண்டு வயது மூத்தவர். சாமிக்கு வலி என்றால் இவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

பயிற்சி கொடுக்கிற ஜெசிந்தா வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே சாமியின் முகம் சுருங்கிவிடும்.

"காலை நீட்டி, முட்டியைக் கட்டிலோட அழுத்துங்க சாமி. பத்து எண்ணுற வரைக்கும்."

நாலு எண்ணும்போது சாமி முருகனைக் கூப்பிடுவார். ஆறு எண்ணும்போது ஜெசிந்தாவைத் திட்டுவார்.

அன்றைக்கு அவள் முட்டிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள்.

"போன வாரமும் நாலு விரல் நுழைஞ்சுது. இன்னைக்கும் நாலு விரல். நான் இல்லாதப்போ செய்றீங்களா?"

"வேளை தவறாம, தாயி," என்றார் மாசிலாமணி.

"அப்புறம் ஏன் நிமிரலை? இப்படியே விட்டா மடங்கினபடியே இறுகிடும். அப்புறம் குன்று ஏறுறதை மறந்துடுங்க."

மாசிலாமணி விட்டத்தைப் பார்த்தார். ஜெசிந்தா கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். ஒரு தலையணை. ஓரத்தில் நீல நூலில் ஓம் போட்டிருந்தது.

"ஐயா, இது எதுக்கு?"

"தலைக்கு."

"தலைக்கு வைக்கிறதுல எப்படி முட்டி அளவுக்குக் குழி?"

மாசிலாமணி உடைந்துபோனார். "இலவம்பஞ்சு வாங்கி நானே தைச்சேன் தாயி. நீ போனதும் சாமி துடிக்கிறார். இதை வெச்சா அப்படியே கண் அசந்துடுறார்."

"சுகமாத்தான் இருக்கும். நான் அரை மணி நேரம் நிமிர்த்துறேன், நீங்க நாள் முழுக்க மடக்கி வைக்கிறீங்க."

சாமி ஒன்றும் தெரியாத பச்சைப்பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா ஒரு துண்டைச் சுருட்டி அவர் குதிகாலுக்கு அடியில் வைத்தாள். "இது மட்டும்தான். முட்டிக்கு அடியில எதுவும் கூடாது. பத்துத் தடவை அழுத்தணும்." சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

தலையணை முக்காலியில் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

"சாமி, பன்னிரண்டு வருஷமா பற்றை விடு, பற்றை விடுன்னு சொல்றீங்க. எப்படி விடுறதுன்னு மட்டும் சொன்னதே இல்லையே."

சாமி கண்ணை மூடி, முட்டியைக் கீழே அழுத்தினார்.

"முருகா!"

வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து தெருவுக்கு ஓடியது.

"இப்படித்தான்," என்றார் சாமி, மூச்சு வாங்க.

"கத்திக்கிட்டேவா?"

"கத்தாம விடுறவங்களும் இருக்காங்களாம். நான் பார்த்ததில்லை." மூச்சு அடங்கியதும் சொன்னார்: "அந்தத் தலையணையைப் பரண்ல போட்டுடு. நான் கேட்டாலும் குடுக்காதே."

மாசிலாமணி அதை மார்போடு சேர்த்துக்கொண்டார். "நான் தைச்சது சாமி."

"தெரியும். அதான் உன்னைப் போடச் சொல்றேன்."

ஏணியில் ஏறி அதைப் பரணுக்குள் தள்ளும்போது மாசிலாமணியின் வாயிலிருந்தும் ஒரு "முருகா" வந்தது.

சாமி இரண்டாவது தடவை அழுத்தினார். மூன்றாவது தடவை. நாலாவதுக்குப் பிறகு குரல் குழைந்தது.

"மாசிலாமணி."

"சாமி."

"பெரிசு வேண்டாம்ப்பா. பச்சைப்பிள்ளைக்கு வைக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு இருந்தா..."

பன்னிரண்டு வருடத்தில் சாமி கேட்டு மாசிலாமணி இல்லை என்று சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏணியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு வந்து, கட்டிலருகே உட்கார்ந்தார்.

"இன்னும் ஆறு பாக்கி இருக்கு. கத்துங்க சாமி."