கண்ணாடிப் பேழைக்குள் சட்டம்

முன்பொரு காலத்தில் ஒரு நாட்டில் சட்டப் புத்தகம் ஒன்று இருந்தது. தடித்த அட்டை, தங்க எழுத்து, குடியிருக்க நீதிமன்றத்தில் ஒரு கண்ணாடிப் பேழை. விசேஷ நாள் தவறாமல் அதை வெளியே எடுத்து, சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டி மறுபடி பூட்டுவார்கள். புத்தகத்துக்கு அந்த உபசாரம் ரொம்பப் பிடித்திருந்தது. தன்னைப் பிரித்து யாரும் படிப்பதில்லை என்பது அதற்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

பக்கத்து நாட்டில் புத்தகம் கிடையாது. வழக்கம்தான் அங்கே சட்டம். ஒருநாள் அந்த வழக்கம் வாடிய முகத்தோடு பேழை முன் வந்து நின்றது.

“அண்ணே, என்னையும் எழுத்துல ஏத்திவிடுங்க.” வயதில் மூத்தது வழக்கம்தான், காரியம் ஆகவேண்டியிருந்ததால் அண்ணன் என்றது. “எங்க ஊர்ல ஓட்டுல தோத்தவன் தானா நாற்காலிய விட்டு எந்திரிச்சிருவான். ஊர் சிரிக்குமேங்கற பயம். இப்ப வந்திருக்கறவன் வெட்கங்கெட்டவன். எந்திரிக்க மாட்டேங்கறான். எங்க எழுதியிருக்குன்னு கேக்கறான்.”

“வாயில் இருப்பது காற்றோடு போகும் தம்பி. என்னைப் பார்! என்னை மீற ஒருவனால் முடியுமா?” என்றது புத்தகம்.

அந்த நேரம் பொன்னுத்தாய் பதறியடித்துக்கொண்டு மன்றத்துக்குள் வந்தாள். வரி ஏன் கூடியது என்று கேட்ட அவள் புருஷனை அதிகாரி சிறையில் போட்டிருந்தார்.

“காரணம் சொல்லாம யாரையும் அடைக்கக் கூடாதுங்கய்யா! நம்ம சட்டத்துலயே இருக்கு. பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணியிருக்கேன்.”

பின்னாலேயே வந்த அதிகாரி சிரித்தார். “வாயால சொல்றதெல்லாம் காத்தோட போயிரும்மா. எழுத்துல காட்டு.”

தன் பேச்சே அந்த வாயில் வரவும் புத்தகத்துக்குச் சுருக்கென்றது. போகட்டும், இதோ காட்டிவிடலாம் என்று தேற்றிக்கொண்டது.

நீதிபதி பேழையைத் திறக்கச் சொன்னார். பொன்னுத்தாய் புத்தகத்தைப் பிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. இத்தனை காலத்துச் சந்தனமும் காய்ந்து தாளோடு தாளை ஒட்டிப் பலகையாக்கியிருந்தது. நகத்தால் கீறினாள். புத்தகமும் தம் கட்டி முக்கிப் பார்த்தது. ஒரு தாள்கூட அசையவில்லை.

“எழுத்தைக் காணோமே, நான் என்ன செய்ய?” என்று நீதிபதி எழுந்து போய்விட்டார்.

பொன்னுத்தாய் கையில் ஒட்டிய சந்தனத்தைச் சேலையில் துடைத்தாள். மனப்பாடமாயிருந்த வரியை உரக்கச் சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கினாள்.

“நான் அந்தப் பொண்ணுகூடப் போறேன் அண்ணே” என்றது வழக்கம். அதன் குரலில் கேலி இல்லை. கேலி செய்திருந்தாலாவது தேவலாம்.

புத்தகத்துக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஒவ்வொரு பூசைக்கும் நெஞ்சை நிமிர்த்திக் காட்டியது நினைவுக்கு வந்தது. முகத்தை மூடிக்கொள்ளலாம் என்று பார்த்தது.

அது எப்போதோ மூடிப்போயிருந்தது.