பின்சீட்டு வெள்ளைத் துண்டு

அனல்மின் நிலையத்தின் காவல் கான்ட்ராக்ட் கிடைத்ததிலிருந்து தெய்வேந்திரனுக்குத் தலைகால் புரியவில்லை. "என் ஆளுங்களைத் தாண்டி ஈ, எறும்பு நுழையாது" என்று மார்தட்டினார். கேன்டீனுக்குத் தயிர் ஊற்றும் வெயிலாட்சியைக் கேட்டில் மறித்தவரும் அவர்தான்.

"பாஸ் இல்லாம வராதே."

"பாஸ் எங்கய்யா குடுப்பாங்க?"

"உள்ளே, ஆபீஸ்ல."

"உள்ள விடாம எப்படிய்யா வாங்குறது?"

"அது உன் பாடு!"

அன்றைய தயிர் புளித்து வீணானது.

மறுநாள் தலைமைப் பொறியாளர் அறையில் தெய்வேந்திரன் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, தயிர்ப்பானையோடு வந்து நின்றாள் வெயிலாட்சி.

"பாஸ் வாங்க வந்தேன்யா."

"உன்னை யாரும்மா உள்ளே விட்டது?" என்றார் பொறியாளர்.

"எங்க கொழுந்தன் வாடகைக் காரு ஓட்டுறான். ஆபீசருங்க காரு மாதிரி பின்சீட்டுல வெள்ளைத் துண்டை விரிச்சு உக்காந்து வந்தேன். இவரு ஆளுங்க சல்யூட் அடிச்சுக் கேட்டைத் திறந்தாங்க."

பொறியாளர் சிரித்த சிரிப்பில் தெய்வேந்திரன் கூனிக் குறுகிப்போனார்.

அந்த வெட்கத்தில், அடுத்த நாள் தன் காரில் கிடந்த துண்டை உருவிப்போட்டுவிட்டு வந்தார். அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த காவலாளி கம்பைக் குறுக்கே நீட்டினான்.

"பாஸ் எங்கய்யா?"

தெய்வேந்திரன் இதுவரை பாஸே வாங்கியதில்லை. பக்கத்தில் வெயிலாட்சி தன் புதுப் பாஸைக் காட்டிவிட்டு, நடந்தபடியே சொன்னாள்.

"உள்ளே, ஆபீஸ்ல குடுப்பாங்கய்யா."