காலியான மூன்றாம் பாறை

மருதங்காட்டின் நடுவே, தாமரைக் குளத்துக்குப் பக்கத்தில், மூன்று பாறைகள் இருந்தன. முதல் பாறையில் யானை உட்காரும். இரண்டாம் பாறையில் கரடி உட்காரும். மூன்றாம் பாறையில் ஒரு கிழட்டு ஆமை உட்காரும். அதுதான் அந்தக் காட்டின் உச்ச நீதிமன்றம். அதற்கு மேல் போய் முறையிட வேறு இடம் கிடையாது.

யானைக்கும் கரடிக்கும் ஏழாம் பொருத்தம். யானை எப்போதும் சிங்க ராஜா பக்கம். கரடி எப்போதும் ராஜாவுக்கு எதிர்ப்பக்கம். வழக்கு என்ன என்று கேட்பதற்கு முன்பே இரண்டும் முடிவு செய்துவிடும்! ஆகவே ஆமை எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்தான் தீர்ப்பு. ஆமை லேசில் வாயைத் திறக்காது. திறந்தால் நியாயத்தைத்தான் சொல்லும்.

பாறையின் தீர்ப்புக்கு எறும்பு முதல் சிங்கம் வரை கட்டுப்பட்டாக வேண்டும். சிங்கத்தின் தாத்தாவுக்கு ராஜா பட்டம் கொடுத்ததே அந்தப் பாறைகள்தான். அதனால் சிங்கமும் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுப்பட்டது.

ஒரு கோடையில் சிங்கத்துக்கு ஓர் ஆசை வந்தது. குளத்தில் தான் மட்டும் குளிக்க வேண்டுமாம்! காட்டுப்பன்றிகளைக் கூப்பிட்டுக் குளத்தைச் சுற்றி முள்வேலி போடச் சொன்னது. ஓடைகளெல்லாம் வற்றிக் கிடந்த நேரம் அது. பெரிய மிருகங்கள் மலையைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்தன. பஞ்சி என்ற முயலால் அவ்வளவு தூரம் போக முடியுமா? அதன் குட்டிகள் புல்லில் இருந்த பனியை நக்கிக்கொண்டு கிடந்தன. அதைப் பார்க்கப் பார்க்கப் பஞ்சிக்கு வயிறு எரிந்தது.

“ராஜாவாவது கூஜாவாவது!” என்று நேரே போய் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டது.

விசாரணைக்கு முந்தின நாள் ஆமை செத்துப் போனது.

காடே கூடி அழுதது. சிங்கமும் அழுதது, ஒரு கண்ணால். இன்னொரு கண் காலிப் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மந்திரி ஒரு கழுதைப்புலி. அதற்கு எங்கே சிரிப்பது, எங்கே சிரிக்கக் கூடாது என்ற விவஸ்தையே கிடையாது. இழவு வீட்டிலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

“ராஜா, இப்போ காலியான பாறையில நம்ம ஆளை உட்கார வெச்சுட்டா குளம் நமக்குத்தான்!”

“யாரை உட்கார வைக்கிறது?”

“நான் பார்த்துக்கறேன். நீங்க அழுங்க!”

காட்டு மிருகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பெயரைச் சொல்லின. முள்ளம்பன்றி. அது யாருக்கும் வேண்டியதும் இல்லை, வேண்டாததும் இல்லை. கழுதைப்புலி அதைக் கூப்பிட்டு விசாரித்தது.

“குளம் யாருக்குச் சொந்தம்னு நினைக்கிறீங்க?”

“ரெண்டு பக்கத்தையும் கேட்காம எப்படிச் சொல்றது?” என்றது முள்ளம்பன்றி.

“சும்மா, பேச்சுக்குச் சொல்லுங்களேன்!”

“பேச்சுக்குச் சொல்றதுன்னா பாறை எதுக்கு?”

“சரி, அதை விடுங்க. நம்ம ராஜா நல்லவர்தானே?”

“அவர் மேல வழக்கு இருக்கு. முடியட்டும், அப்புறம் சொல்றேன்.”

கழுதைப்புலிக்குச் சிரிப்பே வரவில்லை. ‘இது நமக்குச் சரிப்பட்டு வராது’ என்று முடிவு செய்தது. உடனே பாறை மேல் ஏறி அறிவித்தது: “கோடையில் நீதிபதியை நியமிப்பது நம் காட்டு மரபே இல்லை! மழை வரட்டும், பார்க்கலாம்!”

“போன கோடையிலதானே என்னை நியமிச்சீங்க?” என்று கேட்டது கரடி.

“அது வேற கோடை!” என்றது கழுதைப்புலி.

திரும்பிப் போகிற வழியில், காட்டின் கீழ்க்கோடியில், வற்றிய ஓடையில் மிஞ்சிய சேற்றில் ஓர் எருமை படுத்திருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அன்று காலைதான் வந்திருந்தது. கழுதைப்புலி போகிற போக்கில், “என்னக்கா, வெயில் கொளுத்துதே!” என்றது.

“சரியாச் சொன்னீங்க!” என்றது எருமை.

“ஆனா கொஞ்சம் குளிரவும் செய்யுது, இல்லையா?”

“சரியாச் சொன்னீங்க!”

கழுதைப்புலி நின்றது. அதன் மூளை வேலை செய்யத் தொடங்கியது.

“யானைக்கு இறக்கை உண்டு.”

“சரியாச் சொன்னீங்க!”

“குளம் ராஜாவுக்கு மட்டும்தான் சொந்தம்.”

“சரியாச் சொன்னீங்க!”

கழுதைப்புலி விழுந்து விழுந்து சிரித்தது. தேடினாலும் கிடைக்குமா இப்படி ஒரு நீதிபதி! எருமையைச் சேற்றிலிருந்து கிளப்பிக் கையோடு கூட்டி வந்து எல்லார் முன்னாலும் நிறுத்தியது.

“நீதிக்கு ஒரு நாள் தாமதம்கூடக் கூடாது! இதோ நம் புது நீதிபதி!”

“கோடையில கூடாதுன்னீங்களே?” என்றது கரடி.

“மரபாவது மண்ணாங்கட்டியாவது! கோடையிலதான் நீதி சீக்கிரம் காய்ஞ்சு போகும்!” என்றது கழுதைப்புலி. “இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பாறையில் ஏறியவரை யாராலும் இறக்க முடியாது. அவராக இறங்கினால்தான் உண்டு. அதுதான் சட்டம்!”

எருமை மூச்சு வாங்க மூன்றாம் பாறையில் ஏறி உட்கார்ந்தது.

மறுநாள் வழக்கு வந்தது. காடே கூடியிருந்தது. கூட்டத்தின் பின்னால், பக்கத்து மலையில் இருக்கும் புலிகூட வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்திருந்தது. கழுதைப்புலி ராஜாவுக்காகப் பேசியது. பேசியது, பேசியது, வெயில் உச்சிக்கு வரும்வரை பேசியது. “ஆகவே, குளம் ராஜாவுக்கே சொந்தம்!” என்று முடித்தது.

“சரியாச் சொன்னீங்க!” என்றது எருமை.

சிங்கம் மீசையை முறுக்கியது. பஞ்சியின் காது தொங்கிப் போனது.

“இருங்க, இருங்க!” என்று கையைத் தூக்கியது கரடி. “குறை சொல்லி வந்தவங்களுக்குத்தான் கடைசிப் பேச்சு. அதானே இங்கே வழக்கம்? நீ பேசும்மா பஞ்சி!”

பஞ்சி முன்னால் வந்தது. “எனக்கு அவ்வளவெல்லாம் பேச வராதுங்க. என் குட்டிங்க நாக்கு வறண்டு கிடக்குதுங்க. தண்ணி எல்லாருக்கும் பொதுவில்லையா?”

“சரியாச் சொன்னீங்க!” என்றது எருமை.

யானை ராஜா பக்கம். கரடி முயல் பக்கம். எருமையும் முயல் பக்கம். தீர்ப்பு முயலுக்கே! கூட்டம் ஆரவாரம் செய்தது. காட்டுப்பன்றிகள் வேலியைப் பிரிக்க ஓடின.

கழுதைப்புலியா விட்டுவிடும்? “அப்படியானால் இப்போது நாங்கள் வழக்குப் போடுகிறோம்!” என்று குதித்தது. இந்தத் தடவை குறை சொல்லி வந்தது ராஜா. ஆகவே கடைசிப் பேச்சும் ராஜாவுக்கே.

“குளம் எனக்குத்தான்!” என்று சிங்கம் கர்ஜித்தது.

“சரியாச் சொன்னீங்க!” என்றது எருமை.

காட்டுப்பன்றிகள் அப்போதுதான் முதல் முள்ளைப் பிடுங்கியிருந்தன. “பிரிக்கிறதா கட்டறதா, ஒரு முடிவுக்கு வாங்கப்பா! எங்களுக்கு வேற வேலை இல்லையா?” என்று முணுமுணுத்துக்கொண்டே அதைத் திரும்ப நட்டன. பஞ்சியின் குட்டிகளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. ஜெயித்தும் தோற்றுப்போன பஞ்சி அங்கேயே உட்கார்ந்து அழுதது.

அப்போது பின்னாலிருந்து புலி எழுந்து முன்னால் வந்தது. இவ்வளவு நேரம் பார்த்ததில் அதற்கு விஷயம் விளங்கிவிட்டது.

“நானும் ஒரு வழக்குப் போடணும்!”

“என்ன வழக்கு?” என்று உறுமியது சிங்கம்.

“சிம்மாசனம் என்னுடையது!”

“இதையெல்லாம் வழக்குன்னு எடுக்கவே கூடாது!” என்றது யானை.

“எடுக்கணும்! சாயங்காலமே எடுக்கணும்!” என்றது புலி.

“சரியாச் சொன்னீங்க!” என்றது எருமை.

சிங்கம் கழுதைப்புலியை ஒரு புதர் மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனது.

“சாயங்காலம் கடைசியாப் பேசறது யாரு?”

“புலிதான், ராஜா.”

“அப்போ ஜெயிக்கிறது?”

கழுதைப்புலிக்குச் சிரிப்பே மறந்து போயிருந்தது.

“அந்த எருமையைக் கீழே இறக்கு! உடனே!”

கழுதைப்புலி ஓடிப்போய், “அக்கா, இறங்கிடுங்க!” என்றது. “சரியாச் சொன்னீங்க!” என்று எருமை ஒரு காலைக் கீழே வைத்தது. “இறங்காதீங்கக்கா!” என்றது புலி. “சரியாச் சொன்னீங்க!” என்று எருமை காலை மேலே வைத்தது. இறங்குங்க, இறங்காதீங்க! இறங்குங்க, இறங்காதீங்க! கால் மேலும் கீழும் போய் வந்ததில் பாவம், எருமைக்கு நுரை தள்ளியது. பொழுது வேறு சாய்ந்துகொண்டிருந்தது.

அழுதுகொண்டிருந்த பஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிங்கத்திடம் வந்தது.

“ராஜா, நான் வேணா பேசிப் பார்க்கறேன். ஆனா அக்கா இறங்கினா அந்தப் பாறையில முள்ளம்பன்றியை உட்கார வைக்கணும்.”

“முள்ளம்பன்றியா? அது குளத்தைத் திறந்துவிடச் சொல்லிட்டா?”

“சொன்னாலும் சொல்லும், சொல்லாமலும் போகும். எனக்கே தெரியாது. ஆனா புலி சொன்னதுக்காக ‘ஆமாம்’ போடாது. அது மட்டும் தெரியும். சிம்மாசனமா, குளமா? நீங்களே யோசிச்சுக்கங்க!”

சிங்கம் புலியைப் பார்த்தது. புலி சிம்மாசனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. “சரி, போய்ப் பேசு!” என்றது சிங்கம்.

பஞ்சி பாறையடிக்குப் போய் அண்ணாந்து பார்த்துக் கேட்டது: “அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?”

எருமை, “சரி...” என்று ஆரம்பித்தது. அப்படியே நிறுத்தியது. ஆமாம் போடுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. காட்டில் ஒருவரும் அதனிடம் அப்படிக் கேட்டதில்லை. அதன் கண் கலங்கியது.

“எனக்குச் சேறு வேணும்மா. இங்கே பாறை சுடுது. எல்லாரும் கத்தறாங்க. யாரையும் மனசு நோகடிக்கக் கூடாதுன்னுதான் எல்லாருக்கும் தலையாட்டினேன். இப்போ எல்லாருமே என்னைத் திட்டறாங்க!”

சொல்லிவிட்டு எருமை இறங்கி நடந்தது.

“எங்கே போறீங்க? போகாதீங்க! போகக் கூடாது!” என்று புலி அலறியது.

“சேத்துக்கு!” என்றது எருமை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முள்ளம்பன்றி பாறையில் ஏறியது. முதலில் புலியின் வழக்கு. புலி கடைசிவரை பேசியது. முள்ளம்பன்றி பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

“எல்லாம் சரி. சிம்மாசனம் உன்னுதுன்றதுக்கு ஆதாரம் என்ன?”

“என் உடம்பில இருக்கிற கோடுகளைப் பாருங்க! ராஜ களை தெரியலையா?”

“கோடு தெரியுது. ஆதாரம் தெரியலை. வழக்குத் தள்ளுபடி!”

சிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. “நம்ம ஆளுப்பா!” என்று ஓடிப்போய் முள்ளம்பன்றியை முதுகில் தட்டியது. தட்டிய வேகத்தில் காலெல்லாம் முள் ஏறி, “ஐயோ!” என்று துள்ளியது.

“அடுத்து, பஞ்சி திரும்பவும் போட்டிருக்கிற குளத்து வழக்கு,” என்றது முள்ளம்பன்றி.

கழுதைப்புலியைப் பேசவிட்டது. பஞ்சியைப் பேசவிட்டது. பிறகு, “குளத்தை ராஜா வெட்டலை. மழை நிரப்புச்சு. மழை யாரையும் கேட்டுட்டுப் பெய்யறதில்லை. தண்ணி எல்லாருக்கும் பொது. வேலியைப் பிரிங்க!” என்றது.

“என்னது? உன்னை அந்தப் பாறையில உட்கார வெச்சதே நான்தானே!” என்று சிங்கம் பாய்ந்தது.

“ஆமாம், ராஜா. அதனாலதான் உங்க சிம்மாசனம் இன்னும் உங்ககிட்ட இருக்கு,” என்றது முள்ளம்பன்றி.

சிங்கம் முள் ஏறிய காலை நக்கிக்கொண்டு உட்கார்ந்தது. காட்டுப்பன்றிகள், “இதுதானே கடைசித் தீர்ப்பு?” என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டு வேலியைப் பிரித்துப் போட்டன. பஞ்சியின் குட்டிகள் ஓடிப்போய் வயிறு முட்டக் குடித்தன. கொஞ்சம் தள்ளி, நொண்டிக்கொண்டே வந்த சிங்கமும் குனிந்து குடித்தது.

நமக்கு ஏற்றபடி வளைகிற ஒருவரை நீதிபதியாக்கினால், அவர் நாளைக்கு நம் எதிரிக்கும் அதேபோல் வளைந்து கொடுப்பார்.