ஆமென் சொல்லாத குரல்

ஒரு ஊர்ல ஒரு வெள்ளைக் காடு இருந்துச்சு. மரம் கிடையாது, செடி கிடையாது, நெழல்னு ஒண்ணு மருந்துக்கும் கிடையாது. என்ன காடுன்னு கேளு. உப்பளம் மக்கா, உப்பளம். பாத்தி பாத்தியா கடத்தண்ணி நிக்கும், வெயில்ல வத்த வத்த உப்பு பூக்கும். உச்சிப்பொழுதுல அங்க நின்னா வானம் எது, தரை எதுன்னு தெரியாது. உன் நெழல்கூட உன் காலுக்கடியில ஒளிஞ்சுக்கும். ம் சொல்லு, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

அந்தக் காட்டுல எம்பது பொம்பளைங்க உப்பு வாருனாங்க. அதுல ஒருத்தி இஞ்ஞாசி. காலெல்லாம் பாளம் பாளமா வெடிப்பு. நெழல் வேணும், குடிதண்ணி வேணும்னு கேட்டுக் கேட்டுப் பாத்தாங்க. முதலாளிக்குக் கோயில்ல முன்வரிசை நாற்காலி. ஆனா முன்னாடி உக்காந்தவனுக்குப் பின்னாடி நிக்கிறவ சத்தம் கேக்காது பாரு. அப்போ சங்கத் தலைவி சவேரியம்மா, எம்பது பேரையும் குருசடிக்குக் கூட்டிட்டுப் போனா. ஆளுக்கு ஒரு பிடி உப்ப உள்ளங்கையில வச்சுக்கிட்டு, மறுகையால சிலுவையத் தொட்டு, எல்லாரும் சத்தியம் பண்ணாங்க. “எல்லாரும் பாத்தியில எறங்குற அன்னைக்குத்தான் நானும் எறங்குவேன்.”

அப்புறம் பதினாறு நாள் ஒருத்தியும் பாத்தியில கால் வைக்கல. பதினேழாம் நாள் இஞ்ஞாசி மக பெல்சிக்கு நெருப்பாக் காய்ச்சல். புள்ளைக்குக் கண்ணு சொருகுது. அப்போ கங்காணி வந்தான். ஒரு மத்தியானம் வந்து வாரிட்டுப் போ, ஒரு ஈ காக்கா பாக்காது, மருந்து நான் தாரேன்னான். அவ என்ன பண்ணுவா? போனா. அவசர அவசரமா வாருனா. சரக்... சரக்... வாருன வேகத்துல உப்பு வாருற பலகையோட மூலை படக்குன்னு ஒடஞ்சு போச்சு. மருந்து வந்துச்சு, புள்ள பொழச்சுது. ரெண்டு நாள் கழிச்சு வேலைநிறுத்தம் ஜெயிச்சுது. கொட்டகை வந்துச்சு, தண்ணி ட்ரம் வந்துச்சு. எல்லாரும் ஆடுனாங்க. இஞ்ஞாசி அந்தத் தண்ணிய ஒரு வாய் குடிச்சா. உப்புக் கரிச்சுது. மத்தவங்களுக்கு நல்ல தண்ணி, அவளுக்கு மட்டும் கரிச்சுது.

ம்? முழிச்சிருக்கியா?

அப்புறம் அவளால அந்தக் கொட்டகை நெழல்ல உக்கார முடியல. எல்லாரும் மத்தியானம் கஞ்சி குடிக்கப் போனா, இவ மட்டும் வெயில்லயே நின்னு ஜெபமாலைய எடுப்பா. நம்ம ஜெபம் எப்படி? முன்பாதி ஒருத்தி சொல்லணும், பின்பாதி எல்லாரும் சொல்லணும். அங்க யாரு இருக்கா? இவ முன்பாதியச் சொல்லிட்டு மூச்சு வாங்குனா. அப்போ, உப்பு அம்பாரத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஒரு குரல் பின்பாதியச் சொல்லுச்சு.

கரகரன்னு, தாகத்துல காஞ்ச குரல். எல்லாத்தையும் சொல்லுச்சு. ஆமென் மட்டும் சொல்லல. ஆமென் சொல்ற எடத்துல, சரக்... சரக்... உப்பு வாருற சத்தம்.

இஞ்ஞாசி எட்டிப் பாத்தா. தலையும் மூஞ்சியும் துணியால சுத்தி, கண்ணு மட்டும் தெரிய ஒருத்தி நிக்கிறா. மேலெல்லாம் உப்பு. தண்ணிக்குள்ள நடக்குறா, தண்ணி அசையவே இல்ல.

சத்தியத்த மீறுனதால பிசாசு வந்துருச்சுன்னு நெனச்சா இஞ்ஞாசி. மறுநாள் கோயில்லேருந்து தீர்த்தம் கொண்டாந்து, சொட் சொட்டுன்னு தெளிச்சா. அது ஓடல. கையில விழுந்த துளிய நக்கிப் பாத்துச்சு. “இது நம்ம பாத்தி உப்புதான்”னுச்சு. ஆமா மக்கா, சாமியார் தீர்த்தம் மந்திரிக்கையில ஒரு சிட்டிகை உப்புப் போடுவாரு. அந்த உப்பு எங்கேருந்து போச்சு? அங்கேருந்துதான் போச்சு.

ரெண்டாம் நாள் மிக்கேல் சம்மனசு படத்த நெஞ்சோட அணச்சுக்கிட்டு, அப்பாலே போன்னு வெரட்டுனா. அதுவும் அப்பாலே போன்னு திருப்பிச் சொல்லுச்சு. அது இவ குரலாட்டமே இருந்துச்சு.

மூணாம் நாள் போயி சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணா. அவரு நல்ல மனுசன், அப்படியும் ஒண்ணு ரெண்டு பேரு இருப்பாங்க. புள்ளைக்காகப் போனத ஆண்டவர் அப்பவே மன்னிச்சுட்டாரும்மா, சமாதானமாப் போன்னாரு. இவளும் மனசு லேசாகி வந்து மாலையெடுத்தா. முன்பாதி சொன்னா. பின்பாதி வந்துச்சு. ஆமென் வரல. சரக்... சரக்...

அப்போ அவ அம்பாரத்தச் சுத்திக்கிட்டு நேராவே அதுகிட்ட போயிட்டா. ஏன் இன்னும் நிக்கிற, சாமிதான் மன்னிச்சிருச்சேன்னு அழுதா. அது வாருறத நிப்பாட்டிப் பலகையத் தூக்குச்சு. பலகையில ஒரு மூலை ஒடஞ்சிருந்துச்சு. மூஞ்சித் துணிய எறக்குச்சு.

யாரு? நீயே சொல்லு. ம். அவளேதான்.

“சாமி மன்னிச்சது எனக்கும் தெரியும்”னு சொல்லுச்சு அது. “அன்னைக்கு மருந்த வாங்கிட்டு நீ வீட்டுக்குப் போயிட்ட. என்னைய இங்க விட்டுட்டுப் போயிட்ட. எல்லாரும் வர்ற அன்னைக்குத்தான் நான் கரை ஏறுவேன்.”

அன்னைக்குச் சாயங்காலம் முழுக்க இஞ்ஞாசி யோசிச்சா. சொன்னா ஊரு காறித் துப்பும். சங்கத்த விட்டுத் தள்ளி வைப்பாங்க, பெல்சியோட யாரும் வெளையாட வரமாட்டாங்க. சொல்லலன்னா, அது அங்கயே நிக்கும். தாகத்தோட நிக்கும்.

மறுநாள் உச்சிப்பொழுதுல, மொத தடவையா அவ கொட்டகைக்குள்ள வந்தா. நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னா. எல்லாரும் கஞ்சிச் சட்டியக் கீழ வச்சாங்க. கூட வாருற ரொசாலி மட்டும், நாங்க பட்டினி கெடக்க நீ பவுசா வாருனியாட்டின்னு ஒரு வார்த்தை கேட்டா. அப்புறம் எம்பது கண்ணும்... இல்ல, நூத்தறுவது கண்ணும் சவேரியம்மா பக்கம் திரும்புச்சு.

சவேரியம்மா லேசுப்பட்டவ இல்ல. மூணு தடவை ஜெயிலுக்குப் போனவ. துண்டுப் பிரசுரத்துலயே எழுத்துக் கூட்டிப் படிச்சவ. வணங்காத கழுத்து. முன்னாடி நடந்த ஒரு போராட்டத்துல, இப்படி எறங்கிப் போன மூணு பேர ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம தொரத்தி விட்டவ. அவ இஞ்ஞாசியோட கால் வெடிப்பையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் எந்திரிச்சா, ட்ரம்முலேருந்து ஒரு செம்பு தண்ணி மோந்தா, வெயில்ல எறங்கி நடந்தா. பின்னாலயே எம்பது பேரும் எறங்குனாங்க. மொறுக் மொறுக்குன்னு காலடியில உப்பு நொறுங்குது.

அம்பாரத்துக்கு முன்னாடி நின்னாங்க. “சொல்லுட்டி இஞ்ஞாசி”ன்னா சவேரியம்மா. “பின்பாதிய நாங்க சொல்றோம்.”

இஞ்ஞாசி முன்பாதி சொன்னா. எல்லாரும் பின்பாதி சொன்னாங்க. எல்லாரும் ஆமென்னாங்க. அப்புறம், எல்லாரும் முடிச்ச பொறவு, அம்பாரத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஒரே ஒரு குரல் மெதுவாச் சொல்லுச்சு. ஆமென்.

சரக் சத்தம் நின்னுச்சு. போய்ப் பாத்தா ஆள் இல்ல. உப்பாலயே ஆன ஒரு பலகை, மூலை ஒடஞ்சு கெடந்துச்சு. தொட்டா பொலபொலன்னு உதிந்து போச்சு. சவேரியம்மா செம்பத் திருப்பி நீட்டுனா. இஞ்ஞாசி குடிச்சா. தண்ணி தண்ணியாவே இருந்துச்சு.

கதை கரை ஏறிருச்சு மக்கா. நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டு, ஆமென் சொல்லிட்டுக் கண்ண மூடு.

ம்? தூங்கிட்டியா?

தூங்குனதும் நல்லதுதான். அந்தச் சவேரியம்மா வேற யாரும் இல்ல, நான்தான். நான் தொரத்தி விட்ட அந்த மூணு பேர் வீட்டுப் பக்கம் இன்னும் நான் போகல. அவங்க வாருன பாத்தி இப்போ தரிசாக் கெடக்கு, ஆள் நடமாட்டமே கிடையாது. ஆனா மத்தியானத்துல அந்தப் பக்கம் போனா சத்தம் கேக்குது. ஒண்ணு இல்ல, மூணு பலகை.

நாளைக்கு ஒரு செம்பு தண்ணி கொண்டு போகணும். மொத வீடு, மேலத்தெருவுல.