இரண்டாவது கல்

உத்திராபதி ஒரு கல்லை நிலாவிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டார். அது அவருடைய பையிலிருந்து வந்தது.

தவறு அவ்வளவுதான். ஆனால் கல்லூரி முதல்வர் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டார். முதல்வர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டார். திங்கட்கிழமை கூட்டம்.

உத்திராபதி அரசுப் பள்ளியில் புவியியல் வாத்தியார். வருகிற மே மாதம் ஓய்வு. இந்த வயதில் பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தார். பாடம், பாறைகள். கூட வேலை பார்க்கிற வாத்தியார்கள் சிரித்தார்கள்.

"பேரன் எடுக்கிற வயசுல எதுக்குய்யா கல்லு பொறுக்கற?"

அவர் பதில் சொல்லவில்லை. இப்போது பதில் கையில் கிடைத்துவிட்டது என்று நினைத்தார்.

அவருக்கு வழிகாட்டி, பேராசிரியர் மங்கையர்க்கரசி. பெயர் நீளம். மங்கை என்போம். மங்கை பத்தாம் வகுப்பில் உத்திராபதியிடம் படித்தவர். ஆகவே இதில் குரு இளையவர், சீடர் மூத்தவர். சீடர் குருவை 'மேடம்' என்பார். குரு சீடரை 'சார்' என்பார். துறை பியூன் முதல் நாளே குழம்பினார். யாருக்கு முதலில் டீ வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் மேஜை நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

கல்லைக் கொண்டுவந்த அன்று உத்திராபதி உட்காரக்கூட இல்லை. துண்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். கைக்கு அடங்குகிற கல். வெள்ளை. அங்கங்கே கறுப்புப் பொட்டு.

"என்னன்னு சொல்லுங்க, மேடம்."

"கல்லு."

"அது எனக்கும் தெரியும்."

இருவரும் சிரித்தார்கள். பழைய வகுப்பறைச் சிரிப்பு. பத்தாம் வகுப்பில் அவர் ஒரு கல்லை மங்கையின் கையில் கொடுத்து இதையேதான் கேட்டார். சிறுமி இதையேதான் சொன்னாள். அவரும் இதையேதான் சொன்னார். சொல்லிவிட்டு, கல்லை அவளிடமே விட்டுவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். அந்தக் கல் இன்னும் மங்கையின் மேஜையில் இருக்கிறது. காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

"எங்க கிடைச்சுது, சார்?"

"காரையில. மழை விட்டதும் போனேன். ஓடைக்குள்ள கிடந்துச்சு."

காரை, பெரம்பலூர்ப் பக்கம். ஒரு காலத்தில் கடல் கிடந்த இடம். இப்போது வெறும் களிமண் மேடு, மழை அறுத்த ஓடை, கல்லாகிப்போன கிளிஞ்சல். வெள்ளைப் பாறை அங்கே கிடையாது.

"சித்தம்பூண்டிக் கல்லு மாதிரி இருக்கே, சார்."

"அதேதான்! சோதனை பண்ணிப் பாத்துட்டேன். அதே சேர்மானம். ஆனா சித்தம்பூண்டி நாமக்கல்லுக்கு அந்தப் பக்கம். இங்க எப்படி வரும்? ஆறு கொண்டாந்திருக்காது. காத்து தூக்காது."

"தூக்காது."

"இந்த மாதிரிக் கல்லு வேற எங்க கிடக்கு? நிலாவுல. நிலாவுல வெள்ளையாத் தெரியறதெல்லாம் இந்தச் சாதிக் கல்லுன்னு நீங்கதானே பாடம் எடுத்தீங்க?"

"எடுத்தேன்."

"ஏதோ ஒண்ணு போய் நிலா மேல மோதுது. துண்டு தெறிக்குது. இங்க வந்து விழுது. நடக்காதா?"

"நடக்கும், சார். அப்படி வந்த கல்லு நிறைய இருக்கு."

"அப்புறம் என்ன?"

மங்கை கல்லைத் திருப்பிப் பார்த்தார்.

"மேலேர்ந்து வர்ற கல்லு கருகித்தானே வரும்? கருகல் எங்க?"

"மழையில போயிருக்கும்."

"இந்தப் பக்கம் வெட்டினாப்புல இருக்கே?"

"விழுந்த வேகத்துல உடைஞ்சிருக்கும்."

அது சுத்தியல் பட்ட இடம். மங்கைக்குப் பார்த்ததும் தெரிந்தது. போன வருஷம் துறை வேனில் எல்லோரும் கல் பார்க்கப் போனதும் ஞாபகம் வந்தது. முதல் நாள் சித்தம்பூண்டி. மறுநாள் காரை. காரையில் சாப்பாட்டுக்கு முன்பு உத்திராபதியின் பை புடைத்திருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு இளைத்திருந்தது.

மங்கை கல்லைக் கீழே வைத்தார்.

"ஒரு கல்லு போதாது, சார். ரெண்டாவது கல்லு வேணும்."

"தேடினாப் போச்சு."

அதற்குள் மங்கை வேலையாக வெளியூர் போக வேண்டியிருந்தது. உத்திராபதிக்கு விஷயம் வயிற்றில் தங்கவில்லை. முதல்வர் அறைக்கு நடந்துவிட்டார். மங்கை திரும்பி வந்தபோது கல்லூரி வாசலில் தட்டி கட்டியிருந்தது. 'நிலவிலிருந்து நம் மண்ணுக்கு!' பக்கத்தில் உத்திராபதியின் படம். கல்லைக் குழந்தை மாதிரி ஏந்தியிருந்தார்.

மங்கை கொஞ்ச நேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போன் போட்டார்.

"சனிக்கிழமை காரைக்குப் போறோம், சார்."

"திங்கக்கிழமை கூட்டத்தை வச்சிக்கிட்டா?"

"அதுக்குத்தான். அந்தக் கல்லையும் எடுத்துக்குங்க."

மங்கையே கார் ஓட்டினார். உத்திராபதி வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

"பசங்க வேன் பிடிச்சு வராங்களாம், மேடம். என்கிட்டப் படிச்ச பசங்க. வீட்டம்மா புதுச் சட்டை எடுத்து வச்சிருக்கு. சிரிச்சானுங்க பாருங்க, அவனுங்க எல்லாம் முன் வரிசை. நான் மேடையில. இந்த முழங்கால் ஒண்ணுதான் ஒத்துழைக்கணும்."

"ஒத்துழைக்கும், சார்."

ரோட்டோரமாக வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார்கள். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. கண்ணுக்கு எட்டிய வரை செம்மண்ணும் சாம்பல் மண்ணும் மடிப்பு மடிப்பாகக் கிடந்தன.

"செவ்வாய்க் கிரகத்துல நடக்கிற மாதிரியே இருக்கு," என்றார் உத்திராபதி. "ஏன் மேடம், அங்க ஆறு ஓடுச்சுன்னு சொல்றாங்களே. யாரு போய்ப் பாத்தா?"

"ஆத்தைப் பாக்கல. கூழாங்கல்லைப் பாத்தாங்க."

"படத்துலயா?"

"படத்துலதான். உருண்டையா இருந்துச்சு. உருளாத கல்லு உருண்டை ஆகாது. அவ்வளவு பெரிய கல்லைக் காத்து உருட்டாது."

"அப்ப தண்ணி."

"அப்ப தண்ணி. நம்ம கல்லு எப்படி இருக்கு, சார்?"

உத்திராபதி பைக்குள் கையை விட்டுத் துண்டோடு தடவிப் பார்த்தார்.

"மூலை மூலையா இருக்கு."

"ம்."

"உருண்டு வரலன்னு ஆச்சு. நான் சொன்னதுதானே? நேரா மேலேர்ந்து!"

மங்கை குனிந்து ஒரு சுண்ணாம்புக் கல்லை எடுத்தார்.

"இதைப் பையில வையுங்க."

"இது எதுக்கு?"

"வையுங்க, சார்."

ஓடைக்குள் இறங்கினார்கள். கல் கிடைத்த இடத்தை அவர் காட்டினார். அங்கிருந்து மேலும் கீழும் தேடினார்கள். வெள்ளையாக எதுவும் இல்லை. ஆனால் மங்கை நாலு எட்டுக்கு ஒரு தடவை குனிந்தார். களிமண் கட்டி. கல்லான கிளிஞ்சல். இரும்புத் துரு ஏறிய உருண்டை. எல்லாவற்றையும் அவரிடமே நீட்டினார்.

"மேடம், இது ஆராய்ச்சியா, சித்தாள் வேலையா?"

"ரெண்டுக்கும் ஒரே பை, சார்."

"பத்தாவதுல நீ இப்படி இல்ல."

"பத்தாவதுல பை என்கிட்ட இருந்துச்சு."

அவர் 'நீ' என்று சொன்னதை இருவருமே கவனிக்கவில்லை.

இன்னொரு மேடு. இன்னொரு ஓடை. உத்திராபதி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். பேச்சு குறைந்தது. பிறகு அவரே ஆரம்பித்தார்.

"நிலாவுல நடந்துட்டு வந்தவங்க கால் தடம் அப்படியே இருக்குமாம்ல?"

"இருக்கும். அங்க காத்து கிடையாது, மழை கிடையாது. கலைக்க ஆள் இல்ல."

"இங்க ஒரு மழை தாங்காது."

"போன வருஷம் நீங்க இங்க நடந்தீங்களே. அந்தத் தடம் இருக்குமா?"

"நல்லாக் கேட்டீங்க. அது அன்னைக்கே போயிருக்கும்."

"கால் தடம் போயிருக்கும்."

மங்கை முன்னால் நடந்தார். உத்திராபதி முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

மேட்டின்மேல் ஒரு வேலமரம். அந்தப் பக்கத்தில் நிழல் என்று இருந்தது அது ஒன்றுதான். அதன் அடியிலிருந்துதான் ஓடை புறப்பட்டுக் கீழே இறங்கியது. மங்கை அங்கே போய் உட்கார்ந்தார். உத்திராபதியின் வீட்டம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைப் பிரித்தார்.

"வாங்க சார், சாப்பிடலாம்."

உத்திராபதி மரத்தைப் பிடித்து மெல்ல இறங்கி உட்கார்ந்தார். காலை நீட்டினார். "அம்மாடி," என்றார். பையை மடிக்கு இழுத்தார்.

"திங்கக்கிழமை முதல்ல நிலாவைப் பத்தி நாலு வார்த்தை சொல்லிடறேன். எல்லாருக்கும் புரியணும்ல…"

பேசிக்கொண்டே பைக்குள் கையை விட்டார். சுண்ணாம்புக் கல் வந்தது. பார்க்காமலே மரத்தடியில் வைத்தார். களிமண் கட்டி. அதையும் வைத்தார்.

"…அப்புறம் இந்தக் கல்லு எப்படித் தெறிச்சிருக்கும்னு ஒரு படம். முதல்வர் கல்லைக் கண்ணாடிப் பெட்டியில…"

துரு உருண்டை. அதையும் எடுத்தார். வைக்கப் போனார்.

கை அந்தரத்தில் நின்றது.

கையில் இருந்ததைப் பார்த்தார். மரத்தடியில் வைத்திருந்ததைப் பார்த்தார். நீட்டிய காலைப் பார்த்தார். மரத்தடியிலிருந்து சரிந்து இறங்குகிற ஓடையை, தான் கல்லை எடுத்த இடம் வரைக்கும், பார்த்தார்.

மங்கை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உத்திராபதி முன்னால் குனிந்தார். வேரோரத்து மண்ணை விரலால் கீறினார். காய்ந்த மண். சாவியை எடுத்துக் கிளறினார். வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சுற்றிலும் பறித்து எடுத்தார். ஊதினார்.

கைக்கு அடங்குகிற கல். வெள்ளை. கறுப்புப் பொட்டு. ஒரு பக்கம் வெட்டினாற்போல.

துண்டைப் பிரித்து நிலாக் கல்லை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அண்ணன் தம்பி.

மங்கை பக்கம் திரும்பினார்.

"ரெண்டாவது கல்லு கிடைச்சிடுச்சு, மேடம்."

"ம்."

"போன வருஷம் இங்கதான் உக்காந்தேன்."

"ஆமா, சார்."

"முழங்கால் கனம் தாங்கல. நாலஞ்சை எடுத்துப் போட்டேன். என்ன கல்லுன்னுகூடப் பாக்கல."

"ஆமா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கொண்டாந்த அன்னைக்கே."

உத்திராபதி நிமிர்ந்தார். மேடம் எல்லாம் போய்விட்டது.

"ஏ புள்ள, அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்க."

"ஒத்துக்காம? நீ சொன்னா எனக்கு அதுக்கு மேல என்ன?"

"அதான் சொல்லல."

மங்கை இலையில் பாதியைப் பிரித்து அவர் பக்கம் தள்ளினார். அவர் தொடவில்லை.

"சிரிப்பாங்க," என்றார்.

"சிரிப்பாங்க, சார்."

"முன் வரிசையில உக்காந்து சிரிப்பாங்க."

"ஆமா."

"கூட்டமே வேண்டாம்னு சொல்லிடவா?"

"உங்க இஷ்டம். முதல்வர்கிட்ட நானும் வரேன்."

வேலமரத்து நிழல் கொஞ்சம் நகர்ந்தது. உத்திராபதி அதோடு தானும் நகர்ந்தார். ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். இன்னொன்று. பிறகு பசி தெரிந்து வேகமாகச் சாப்பிட்டார்.

கையைக் கழுவிவிட்டு இரண்டு கல்லையும் ஒரே துண்டில் வைத்துக் கட்டினார்.

"கூட்டம் இருக்கட்டும், மேடம். ரெண்டையும் கொண்டு போறேன். பசங்க வேன் வச்சு வராங்க, சும்மா அனுப்பக் கூடாது. ஆளுக்கு ஒரு தடவை கையில கொடுத்து என்னன்னு கேக்கறேன்."

"கல்லுன்னுவாங்க."

"அது எனக்கும் தெரியும்பேன்."

மங்கை சிரித்தார். சிரிப்பில் கண் கலங்கியதைத் துடைக்க முந்தானையைத் தேடினார். சுடிதார் போட்டிருந்தார். கையாலேயே துடைத்துக்கொண்டார்.

"புதுச் சட்டையையே போட்டுக்குங்க, சார்."

"போட்டுக்காம? வீட்டம்மா விடுமா?"

அவர் மரத்தைப் பிடித்து எழுந்தார். முடியவில்லை. மங்கை கை கொடுத்தார். நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது.

"பத்திரிகைக்காரன் கேப்பானே, தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சது யாருன்னு. உங்க பேரைச் சொல்லிடறேன்."

"நான் என்ன செஞ்சேன்? காலையிலேர்ந்து உங்களைக் கல்லு தூக்க வச்சேன்."

"பின்ன யாரைத்தான் சொல்றது?"

மங்கை அவருடைய பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். ரோட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"உங்க முழங்காலைச் சொல்லுங்க, சார்."