மூன்றாவது சந்தைக்கு வந்த உப்புக்காரி

குழந்தைகளே, பெரியவர்களே, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட யாரும் அறியாத காலத்தில் ஏந்தலூர் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கு ஆறு இல்லை, கிணறும் இல்லை. ஒரு பெரிய ஏரிதான் இருந்தது. குடிப்பதும் அதில்தான், குளிப்பதும் அதில்தான், விளைவதும் அதில்தான்.

ஏந்தலூரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர்மேல் குற்றம் சாட்டப்பட்டால் உடனே தண்டிக்க மாட்டார்கள். வாரம் ஒருமுறை கூடும் சந்தையில் முரசறைந்து, "இவருக்காகப் பேச யாராவது உண்டா?" என்று கேட்பார்கள். முதல் சந்தையில் கேட்பார்கள். அடுத்த சந்தையில் கேட்பார்கள். மூன்றாவது சந்தையிலும் கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு.

ஏன் மூன்று முறை? யாருக்கும் தெரியாது. முன்னோர் கேட்டார்கள், இவர்களும் கேட்டார்கள்.

அந்த ஊருக்குச் சேந்தன் என்பவரை அரசர் நீதிபதியாக அனுப்பினார். சேந்தன் நல்லவர். யாரிடமும் ஒரு வெற்றிலைகூட வாங்க மாட்டார். உறவு என்று பார்க்க மாட்டார். கூர்மையான அறிவு அவருக்கு. குற்றவாளியின் முகத்தைப் பார்த்ததுமே பாதி வழக்கு அவருக்கு விளங்கிவிடும்.

முதலில் ஒரு விளக்குத் திருடனைக் கொண்டுவந்தார்கள். அவன்தான் திருடினான் என்று சேந்தனுக்கு அன்றே தெரிந்தது. ஆனாலும் மூன்று சந்தையிலும் முரசறையச் சொன்னார். ஒருவரும் பேச வரவில்லை. சேந்தன் நினைத்ததே தீர்ப்பாயிற்று.

அடுத்து, பக்கத்து வீட்டு வைக்கோற்போருக்குத் தீ வைத்தவனைக் கொண்டுவந்தார்கள். அவன் மீசையே கருகியிருந்தது. சேந்தன் ஒரு சந்தையில் மட்டும் முரசறையச் சொன்னார். அப்போதும் ஒருவரும் வரவில்லை. அப்போதும் சேந்தன் நினைத்ததே தீர்ப்பாயிற்று.

"இவர் அல்லவா நீதிபதி! வாய் மூடுவதற்குள் வழக்கு முடிகிறதே!" என்று ஊரார் மெச்சினார்கள். அந்தப் பேச்சு சேந்தனுக்கு இனித்தது.

பிறகு ஒரு கொடிய கோடை வந்தது. ஏரியில் கொஞ்சம் தண்ணீரே மிஞ்சியிருந்தது. ஒருநாள் விடியற்காலையில் ஊரார் குடத்தோடு போனபோது அதுவும் இல்லை. வெறும் சேறுதான் கிடந்தது. மதகு திறந்திருந்தது. நீரெல்லாம் கால்வாய் வழியே பக்கத்து ஊர்ப் பக்கம் ஓடிப் போயிருந்தது. மதகின் பக்கத்தில், இடுப்புவரை சேறோடு, மதகை அடைக்கும் மரக்கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றான். அவன் மதகைக் காக்கும் தழும்பன்.

அவனைக் கட்டி மன்றத்துக்கு இழுத்து வந்தார்கள். அவன் மனைவி நங்கை பின்னாலேயே ஓடி வந்தாள்.

"நான் திறக்கவில்லை, ஐயா," என்றான் தழும்பன். "கட்டை பழசு. அதுவாகக் கழன்றுவிட்டது. தண்ணீர்ச் சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். கட்டை கால்வாயில் மிதந்து போயிருந்தது. கீழே தங்கியிருந்த உப்பு வண்டிக்காரர்களில் ஒரு பெண்தான் அதை நீரிலிருந்து இழுத்து என்னிடம் தந்தாள். நான் திரும்பி வருவதற்குள் எல்லாம் போய்விட்டது."

"எங்கே அந்தப் பெண்?" என்று கேட்டார் சேந்தன்.

"விடிந்ததும் வண்டி பூட்டிப் போய்விட்டார்கள், ஐயா."

"பேர் என்ன?"

"கேட்க நேரமில்லை, ஐயா."

கூட்டம் சிரித்தது. "உப்புக்காரி கொடுத்தாளாம்! கெண்டை மீன் கொடுத்தது என்று சொல்லேன், அதையும் நம்புகிறோம்!" என்றான் ஒருவன். "பக்கத்து ஊர்க்காரன் உனக்கு என்னடா கொடுத்தான்? அதைச் சொல்!" என்று கத்தினான் இன்னொருவன். எல்லாருக்கும் நா வறண்டிருந்தது. எல்லாருக்கும் கோபம்.

சேந்தன் கையை உயர்த்தினார். "மதகு திறந்திருக்கிறது. கட்டை இவன் கையில் இருக்கிறது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?"

முரசறைபவர் மெல்ல முன்னால் வந்தார். "ஐயா, நாம் இன்னும் ஒரு சந்தையில்கூடக் கேட்கவில்லையே."

"யாரைக் கேட்பது? ஊரே இங்கேதான் நிற்கிறது," என்றார் சேந்தன்.

முரசறைபவர் தலை குனிந்து விலகினார்.

ஊரின் தண்ணீரை அழித்தவனுக்கு அங்கே ஒரே தண்டனைதான். எல்லைக்கு அப்பால் உள்ள முள்காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். யாரும் அவனுக்கு ஒரு வாய் நீர் தரக் கூடாது. அந்தத் தண்டனையைச் சேந்தன் சொன்னார்.

நங்கை அவர் காலடியில் விழுந்தாள். "ஐயா, அவர் பொய் சொல்லத் தெரியாதவர். கொஞ்சம் பொறுங்கள், ஐயா. மூன்று சந்தைவரை பொறுங்கள்."

"மூன்று சந்தை போனாலும் கட்டை அவன் கையில் இருந்தது மாறாது, அம்மா," என்றார் சேந்தன். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. அது உண்மை என்று நம்பித்தான் சொன்னார்.

அன்றே தழும்பனைக் கொண்டுபோய் விட்டார்கள். நங்கை எல்லைவரை நடந்தாள். அதற்குமேல் காவலர் அவளை விடவில்லை.

ஊரார் பக்கத்து ஊரிலிருந்து தண்ணீர் சுமந்து நாளைக் கடத்தினார்கள். முதல் சந்தை வந்தது, போயிற்று. இரண்டாவது சந்தையும் வந்தது, போயிற்று.

மூன்றாவது சந்தையன்று உப்பு வண்டிகள் ஊருக்குள் வந்தன. கடற்கரையிலிருந்து உப்பேற்றி, உள்நாட்டு ஊர்களெல்லாம் சுற்றி, ஒவ்வொரு மூன்றாவது சந்தைக்கும்தான் அந்த வண்டிகள் ஏந்தலூருக்குத் திரும்பும். எப்போதுமே அப்படித்தான்.

முன் வண்டியிலிருந்து ஒருத்தி குதித்து இறங்கினாள். செம்பி என்பது அவள் பேர்.

"உங்கள் மதகுக்காரர் எங்கே அண்ணே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். "கால்வாயில் வந்த கட்டையை இழுத்துக் கொடுத்ததில் என் சங்கு வளையல் உடைந்துபோயிற்று. அடுத்த தடவை வரும்போது புது வளையல் தருகிறேன் என்றார். ஏமாற்றிவிடப் போகிறார், கூப்பிடுங்கள்!"

கெண்டை மீன் என்று கேலி செய்தவன் தராசைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்ன ஆயிற்று?" என்றாள் செம்பி. அவள் சிரிப்பு போய்விட்டது.

முரசறைபவர்தான் சொன்னார்.

செய்தி சேந்தனுக்கு எட்டியது. அவர் குதிரைக்குக் காத்திருக்கவில்லை. உப்பு வண்டியிலிருந்த தண்ணீர்க் குடத்தைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டு முள்காட்டுக்கு ஓடினார். "தழும்பா! தழும்பா!" என்று கூப்பிட்டுக்கொண்டே தேடினார்.

முள் நிறைந்த ஓர் உடைமரத்தின் கீழே தழும்பன் கிடந்தான். அவன் இறந்து பல நாட்கள் ஆகியிருந்தன. கைகளால் மண்ணைத் தோண்டித் தோண்டிப் பார்த்திருந்தான். எந்தக் குழியிலும் ஈரம் இல்லை.

சேந்தன் அவனைச் சுமந்துகொண்டு ஊருக்குத் திரும்பினார். நங்கையின் வாசலில் இறக்கினார்.

"நான் தவறிவிட்டேன், அம்மா," என்றார். "என்ன கேட்டாலும் தருகிறேன். நிலம் வேண்டுமா? மாடு வேண்டுமா? என்னைத் தண்டிக்க வேண்டுமா? சொல்."

நங்கை கணவன் கைகளில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள்.

"அன்றைக்குக் கேட்டிருக்கலாமே, ஐயா," என்றாள்.

ஊரார் வந்து நின்றார்கள். நங்கை கணவனை அடக்கம் செய்தாள். மறுநாள் செம்பியின் வண்டியில் ஏறிக் கடற்கரைப் பக்கம் போய்விட்டாள்.

சேந்தன் நீதிபதிப் பதவியை அரசரிடமே திருப்பிக் கொடுத்தார். ஒன்றை மட்டும் கேட்டார்: "தழும்பன் குற்றமற்றவன் என்று மூன்று சந்தையிலும் முரசறைய வேண்டும்." அரசர் சம்மதித்தார்.

அடுத்த சந்தையில் முரசு முழங்கியது. அதற்கடுத்த சந்தையிலும் முழங்கியது. அதற்கும் அடுத்த சந்தையிலும் முழங்கியது. "தழும்பன் குற்றமற்றவன்! தழும்பன் குற்றமற்றவன்!" ஊர் முழுவதும் நின்று கேட்டது. கேட்க வேண்டிய இருவரில் ஒருவன் மண்ணுக்குள் இருந்தான். ஒருத்தி கடலோரத்தில் இருந்தாள்.

ஆகையால் கேளுங்கள்: எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எவ்வளவு அறிவுள்ளவராக இருந்தாலும், கேட்க வேண்டியதை முழுவதும் கேட்காமல் தீர்ப்புச் சொல்பவர் அநீதியே செய்கிறார்.