நெய் படாத தட்டு

கோவைக்குப் பக்கத்தில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் உணவுத் திருவிழா நடந்தது. நாற்பது கடைகள் போட்டிருந்தார்கள். பரிசுக்கு மதிப்பெண் போட வந்த வெண்மதி அம்மா பால், தயிர், நெய் எதையும் தொடாத வீகன்.

பூங்கா மேலாளர் சந்திரசூடன் பனீர் டிக்காவை நீட்டினார்.

"இதுல பால் இருக்கே" என்றார் வெண்மதி.

பொங்கலை நீட்டினார். "நெய் மணக்குதே."

அல்வாவும் குல்ஃபியும் அப்படியே திரும்பிப் போயின. பாத்திரம் கழுவும் மாராத்தாள் சிரித்துவிட்டாள்.

"சிரிக்கிறியா? பத்து நிமிஷத்துல நீ கொண்டு வா. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!" என்று சீறினார் மேலாளர்.

மாராத்தாள் ஒரு தட்டில் சோறும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் கொண்டுவந்தாள். வெண்மதி வழித்துச் சாப்பிட்டார்.

"பிரமாதம்! எந்தக் கடைம்மா?"

"கடை இல்லீங்க. வேலை செய்யற எங்களுக்குப் போடற சாப்பாடு. பால், தயிர், நெய் ஒரு சொட்டுக்கூட எங்க தட்டுல விழாம ரெண்டு வருஷமா சார்தானுங்க பாத்துக்கறாரு."

வெண்மதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேலாளரைப் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் வேலையாட்களின் பந்திக்கு முதன்முறையாகக் கெட்டித் தயிர் வந்தது. மாராத்தாள் இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள்.